ஏவுகணைக் கவசம் எதைக் காக்கும்? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். 2025 சுதந்திர தின உரையில் பிரதமர் ‘சுதர்சன் சக்கரம்’ திட்டத்தை அறிவித்ததிலிருந்து எங்கள் வீட்டில் அதைப் பற்றியே பேச்சு. 2035-க்குள் நாட்டுக்கே ஒரு கவசம் வந்துவிடும் என்கிறார்கள். எங்கள் ஐயா ரங்கூனில் லேவாதேவிக் கடையொன்றில் அடுத்தாளாக (கடை முகவருக்கு உதவியாளாக) இருந்தவர். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் கடையைப் பூட்டிவிட்டு அரக்கான் வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். “அன்றைக்கு ரங்கூனில் விமானத்தைச் சுடும் பீரங்கி இன்னும் நாலு இருந்திருந்தால் நம் கதையே வேறு” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். எனவே என் கேள்விகள் இவை. கவசம் வந்துவிட்டால் அணு ஏவுகணைக்கு நாம் ஏன் அஞ்ச வேண்டும்? ‘அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்த மாட்டோம்’ என்று நம் கையை நாமே கட்டிக்கொள்வது பலவீனம் இல்லையா? ஒருவேளை வந்தே விட்டால் எங்களைப் போல ஒதுக்குப்புறமான ஊர்க்காரர்கள் என்ன செய்வது?

அன்புடன்,
சொ. மெ., தேவகோட்டை

அன்புள்ள சொ. மெ. அவர்களுக்கு,

உங்கள் ஐயாவின் கணக்கு அந்தப் போருக்கு மிகச் சரியான கணக்கு. குண்டுவீச வரும் விமானங்களில் ஒவ்வொரு முறையும் பத்தில் ஒன்றை வீழ்த்த முடிந்தால், பத்தாவது தடவை முடியும்போது எதிரியிடம் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும்; விமானத்தோடு பழகிய விமானியும் போய்விடுவான்; எந்த விமானப்படையும் அந்த இழப்பை நெடுநாள் தாங்காது. பத்தில் ஒன்பது தப்பி வந்தாலும் காலப்போக்கில் வெற்றி காப்பவனுக்கே. அணு ஏவுகணை இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டது. நம் கவசம் பத்தில் ஒன்பதை வீழ்த்தும் என்றே வைத்துக்கொள்வோம். உலகில் யாரிடமும் போர்க்களத்தில் மெய்ப்பிக்கப்பட்ட அத்தகைய அணு ஏவுகணைக் கவசம் கிடையாது. பத்து ஏவுகணைகள் வந்தால் அவற்றில் ஒன்றுகூட நுழையாமலிருக்க நூற்றுக்கு 35 வாய்ப்புதான் உண்டு. ஹிரோஷிமாவில் விழுந்த ஒரே ஒரு குண்டு, ஏறத்தாழ 15 கிலோ டன் ஆற்றல் கொண்டது, 1945 முடிவதற்குள் சுமார் 1,40,000 உயிர்களைக் குடித்தது. இங்கே இரண்டாவது தடவை என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒவ்வொரு ஏவுகணைக்கும் இரண்டு இடைமறிப்பு ஏவுகணைகளை அனுப்பினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். தாளில் அது 99 விழுக்காடாக உயரும். ஆனால் முதலாவதை ஏமாற்றிய அதே தந்திரம் இரண்டாவதையும் ஏமாற்றும் என்பதால் அந்தப் பெருக்கல் செல்லாது. தந்திரம் எங்கே நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையின் ஏறக்குறைய 30 நிமிடப் பயணத்தில், எரிபொருள் எரிந்து மேலேறும் முதற்கட்டம் மூன்று முதல் ஐந்து நிமிடம். வளிமண்டலத்துக்குள் திரும்ப நுழைந்து விழும் கடைசிக் கட்டம் ஒரு நிமிடத்தை ஒட்டியது. இடைப்பட்ட நேரம் முழுவதும் வெடிமுனை (ஏவுகணை சுமந்துவரும் குண்டு) காற்றில்லாத வெளியில் மிதந்து வருகிறது. அங்கே டன் கணக்கில் எடையுள்ள பொருளும் அலுமினியம் பூசிய வெற்றுப் பலூனும் ஒரே வேகத்தில் ஒரே பாதையில்தான் செல்லும். வெடிமுனையையே ஒரு பலூனுக்குள் ஒளித்துவைத்து, அதனுடன் இருபது வெறும் பலூன்களை அவிழ்த்துவிட்டால் ரேடார் எதை நம்பும்? அமெரிக்கா அலாஸ்காவிலும் கலிபோர்னியாவிலுமாக 44 இடைமறிப்பு ஏவுகணைகளை நிறுத்தியிருக்கிறது. நாளும் நேரமும் முன்கூட்டியே குறித்து நடத்திய சோதனைகளில்கூட அவை பாதிக்குச் சற்று மேலேதான் இலக்கைத் தொட்டன. நமக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவில் 30 நிமிடமும் இல்லை. டெல்லிக்கு வர பத்து நிமிடத்துக்கும் குறைவான நேரமே ஆகும்.

நம் விஞ்ஞானிகளின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2006 நவம்பரில் சுமார் 50 கி.மீ. உயரத்திலும், 2007 டிசம்பரில் சுமார் 15 கி.மீ. உயரத்திலும் இலக்கு ஏவுகணைகளை வீழ்த்திக் காட்டியது பெருமைக்குரிய சாதனை. சாதாரண வெடிமருந்து ஏந்திய ஏவுகணைகளைத் தடுக்கவும், தவறுதலாகக் கிளம்பிவிட்ட ஒன்றிரண்டை மறிக்கவும், பதிலடிக்கு ஆணையிட வேண்டியவர்களைக் காக்கவும் இத்தகைய கவசம் வேண்டும் என்பதே என் கருத்து. நாட்டு மக்கள் எல்லோருக்கும் அணுகுண்டிலிருந்து குடைபிடிக்கும் என்ற நம்பிக்கைதான் ஆபத்தானது.

அந்த ஆபத்தை வல்லரசுகள் ஒருமுறை பட்டே தெரிந்துகொண்டன. 1967-இல் அமெரிக்காவின் கிளாஸ்பரோவில் நடந்த சந்திப்பில், கவசம் போட்டிக்கு வித்திடும் என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா எடுத்துச் சொன்னபோது, சோவியத் பிரதமர் கொசிகின் அதை ஏற்கவில்லை. தற்காப்பு எப்படிக் குற்றமாகும் என்பதே அவர் வாதம். உங்கள் வீட்டில் நடக்கும் பேச்சும் அதுதான். மாஸ்கோவைச் சுற்றி எழுந்த கவசத்தைத் துளைக்க, ஒரே ஏவுகணையில் மூன்று வெடிமுனைகளை ஏற்றி 1970-இல் அமெரிக்கா நிறுத்தியது. சோவியத் நாடும் அதே வழியில் இறங்கியது. 1972-இல் இருவரும் கவசங்களுக்கு வரம்பு கட்டி ஒப்பந்தம் செய்தார்கள். 2002-இல் அமெரிக்கா அதிலிருந்து விலகியது. 2018 மார்ச்சில் புதின் புதிய ஏவுகணைகளை அறிவித்தபோது அந்த விலகலையே காரணமாகச் சொன்னார்.

ஆகவே அணு ஏவுகணையைத் தடுப்பது வானத்தில் நடக்கும் காரியமில்லை. பொத்தானை அழுத்த வேண்டியவரின் மனத்தில் நடப்பது. எவ்வளவு அடித்தாலும் திருப்பி அடிக்கும் வல்லமை மிஞ்சும் என்று அவர் உறுதியாக நம்பினால் அழுத்த மாட்டார். நமக்கு அந்த வல்லமை கடலுக்கடியில் இருக்கிறது. அணு ஏவுகணை ஏந்திய நீர்மூழ்கிக் கப்பலான ஐ.என்.எஸ். அரிஹந்த் 2018-இல் தன் முதல் ரோந்தை முடித்தது. அதே வகைக் கப்பலான அரிகாத் 2024 ஆகஸ்டில் கடற்படையில் சேர்ந்தது. இதில் நம் பக்கத்துப் பங்கு ஒன்று உண்டு. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளத்தின் உயர்ந்த கோபுரங்கள், மிகக் குறைந்த அதிர்வெண் கொண்ட வானொலி அலைகளை அனுப்புகின்றன. சாதாரண வானொலி அலை கடல்நீரில் உடனே மடிந்துவிடும். இந்த அலையோ பல அடி ஆழம் இறங்கும். மூழ்கியிருக்கும் கப்பல் அதைக் கேட்கலாம், ஆனால் அதே வழியில் பதில் பேச முடியாது. தான் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்காமல் ஆணைக்குக் காத்திருக்கும் அந்தக் கப்பல், எந்தக் கவசத்தையும்விடப் பெரிய காப்பு என்று நான் கருதுகிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. அடி வாங்கினாலும் பதிலடி அழியாது என்ற நிலையில் உள்ள நாடு அவசரப்பட வேண்டியதில்லை. 2003 ஜனவரி 4 அன்று அறிவிக்கப்பட்ட நம் கொள்கை, முதலில் பயன்படுத்துவதில்லை என்றும், நம்மீது பயன்படுத்தினால் தாங்கவொண்ணாத பேரழிவை விளைவிப்போம் என்றும், அதற்கான ஆணையைப் பிரதமர் தலைமையிலான அரசியல் குழு மட்டுமே தரும் என்றும் சொல்கிறது. எதிர்காலத்தில் சூழ்நிலையைப் பொறுத்தது என்று 2019-இல் ராஜ்நாத் சிங் பேசியது எனக்குக் கவலை தந்தது. முந்திக்கொள்ள நினைக்கும் நாடு ஆயுதத்தை எந்நேரமும் எடுத்த எடுப்பில் ஏவும் நிலையில் வைத்திருக்க வேண்டும். அங்கே ஒரு கணினிப் பிழை போதும். 1979 நவம்பரில் பயிற்சிக்கான தரவு அமெரிக்க எச்சரிக்கைத் திரையில் உண்மைத் தாக்குதலாகத் தோன்றியது. 1983 செப்டம்பரில், மேகங்களில் பட்ட சூரிய ஒளியைச் சோவியத் செயற்கைக்கோள் ஏவுகணைகள் என்று அறிவித்தது. பணியிலிருந்த சோவியத் அதிகாரி பெத்ரோவ் அதை நம்பாமல் பொய் எச்சரிக்கை என்று தெரிவித்தார். 2022 மார்ச் 9 அன்று நம் பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. அதில் வெடிமுனை இல்லை. அவர்களும் பதற்றப்பட்டுத் திருப்பி ஏவவில்லை. இரு பக்கமும் முந்திக்கொள்ளும் கொள்கையில் இருந்திருந்தால் அந்த மாலை எப்படி முடிந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

மூன்றாவது கேள்வி. குண்டு விழுந்த இடத்துக்கு நெடுந்தொலைவில் இருப்பவர்களுக்குப் பெரிய பகை காற்றில் வரும் கதிரியக்கத் தூசுதான். அதன் வீரியம் விரைவாகக் குறையும்: வெடித்து ஒரு மணி நேரத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குதான் 7 மணி நேரம் கழித்து இருக்கும், 49 மணி நேரத்தில் அது நூறில் ஒன்றாகிவிடும். எனவே முதல் ஒன்றிரண்டு நாள் வெளியே வராதிருப்பதே பெரிய மருந்து. உங்கள் வீட்டின் தடித்த சுண்ணாம்புச் சுவர் உதவும். திறந்த வளவு (நடுமுற்றம்) உதவாது, தூசு நேரே அங்கேதான் இறங்கும். மேலே மாடி உள்ள, வெளிச்சுவரிலிருந்தும் வளவிலிருந்தும் விலகிய உள்ளறையில் இருங்கள். வெளியே போய் வந்தவர் உடுப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுக் குளித்த பிறகு உள்ளே வர வேண்டும். முன்பே பிடித்து மூடிவைத்த தண்ணீரையே குடிக்க வேண்டும்; ஊருணித் தண்ணீரையும், வளவில் அண்டா வைத்துப் பிடிக்கும் மழைநீரையும் அதிகாரிகள் சோதித்துச் சொல்லும்வரை தொடக் கூடாது.