கோழிகள், பன்றிகள், ஆர்மிகள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். இது இலக்கியம் சாராத கேள்வி. நீங்கள் பதில் எழுதாவிட்டாலும் வருத்தமில்லை.

நான் கொரியாவின் பிடிஎஸ் இசைக்குழுவின் ரசிகை. எங்களை ஆர்மி என்பார்கள். நாங்களும் ஒருவரையொருவர் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். முகம் தெரியாத ஒருத்தி ‘நானும் ஆர்மிதான்’ என்றால் பாதித் தயக்கம் அங்கேயே போய்விடும். ஆனால் போன மாதம் அலுவலகக் கூட்டத்தில் ஓர் அறிக்கையின் கணக்கு இடிக்கிறது என்று நான் சொன்னபோது, என் மேலாளர் சிரித்துக்கொண்டே, “ஆர்மி சொல்லிட்டாங்க, இனி அப்பீலே கிடையாது” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. நான் ஆசையாக வைத்திருக்கும் பெயர்தானே, அதை அவர் சொன்னால் மட்டும் ஏன் சுருக்கென்கிறது?

என் அண்ணன் கதை வேறு. அவன் ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகன். ‘ட்ரெக்கி’ என்று சொன்னால் முகம் மாறிவிடும். ‘ட்ரெக்கர்’ என்று திருத்துவான். எனக்கு இரண்டும் ஒன்றுதான். இதற்குப் போய் இவ்வளவு கோபமா?

இன்னொன்று. கட்டணம் கட்டி உறுப்பினர் ஆகாதவர்கள் ஆர்மியே இல்லை என்று எங்களுக்குள்ளேயே சிலர் சொல்கிறார்கள். நான் கட்டவில்லை. அப்படியென்றால் நான் யார்?

என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

இலக்கியம் சாராத கேள்வி என்று யார் சொன்னது? ரசிகர் கூட்டத்துக்குப் பெயர் வைக்கும் பழக்கத்தில் பழைய உதாரணங்களில் ஒன்று நாவல் வாசகர்களுடையதுதான். 1894-ல் ஜேன் ஆஸ்டனின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் ஒரு பதிப்புக்கு ஜார்ஜ் செயின்ட்ஸ்பரி என்ற விமர்சகர் முன்னுரை எழுதினார். ஆஸ்டன்மேல் பித்துக்கொண்டவர்களை அதில் ‘ஜேனைட்’ என்றார். கேலியாக இல்லை, அந்தக் கூட்டத்தில் அவரும் ஒருவர். நாவல்களின் கதாநாயகிகளில் யாரைத் திருமணம் செய்துகொள்ளலாம் என்றெல்லாம் யோசித்து, எலிசபெத் பென்னட் என்று முடிவுக்கு வருகிறார் மனிதர்! முப்பது வருடம் கழித்து, 1924-ல், கிப்ளிங் அதே பெயரில் ஒரு கதை எழுதினார். அதில் ஜேனைட்டுகள் முதல் உலகப் போரின் பீரங்கிப் படை வீரர்கள். பேராசிரியர்களும் சிப்பாய்களும் சொல்லிக்கொண்டவரை அது கௌரவமான பெயர். பிற்பாடு அது பெண் வாசகர்களின் மிகையான அன்பைக் குறிப்பதாக ஆனபோது அதே பெயரில் நக்கல் ஏறிக்கொண்டது. ஆஸ்டன் எழுதியதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

பெயர் ஒன்றாகவே இருக்க, அதைச் சூடியிருப்பவர் யார் என்பதை வைத்து ஊர் அதன் விலையைக் கூட்டும், குறைக்கும். இசையில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். பியானோ மேதை லிஸ்ட்டின் கச்சேரிகளில் பெண்கள் அவருடைய கைக்குட்டைக்கும் கையுறைக்கும் முட்டி மோதியபோது கவிஞர் ஹைனே 1844-ல் அதற்கு ‘லிஸ்டோமேனியா’ என்று பெயர் வைத்தார். பெண்களின் நோய்களைக் கவனிக்கும் ஒரு மருத்துவரிடம் இதற்குக் காரணம் கேட்டதாகவும் எழுதினார். ஆக, ரசனை அன்றைக்கே வியாதியாகிவிட்டது. கால்பந்து அரங்கில் சட்டையைக் கழற்றிச் சுழற்றும் ஆணுக்கு யாரும் மருத்துவரைத் தேடுவதில்லை. அவனுக்கு ‘தீவிர ரசிகர்’ என்று மரியாதையான பெயர் உண்டு.

உங்கள் மேலாளர் விஷயத்தில் இது ஒரு பகுதிதான். அவர் செய்தது அதைவிடச் சாமர்த்தியமானது. நீங்கள் பேசியது கணக்கைப் பற்றி. அவர் பேச்சை உங்களைப் பற்றியதாகத் திருப்பிவிட்டார். கணக்கு சரியா தவறா என்று பார்க்க வேண்டிய இடத்தில் எல்லாரும் உங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்கு ஆர்மிதான் வேண்டும் என்பதில்லை. நீங்கள் செஸ் ஆடுபவராக இருந்தால் ‘செக்மேட்’ என்றிருப்பார். தோழி சொல்லும்போது அந்தப் பெயர் ஒரு பேச்சைத் துவக்குகிறது, அவர் சொன்னபோது முடித்துவைத்தது. உறுத்தியதில் ஆச்சரியமே இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது வேறு: அந்தக் கணக்கு கடைசியில் என்ன ஆயிற்று? நீங்கள் எழுதவே இல்லையே. அடுத்த முறை சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, “சரி சார், அந்த மூணாவது வரியைப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். ஆர்மியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள்.

இப்போது உங்கள் அண்ணன். தயவுசெய்து அவரைக் கேலி செய்யாதீர்கள், அந்தக் கோபத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. ஸ்டார் ட்ரெக் தொடர் 1966-லிருந்து 1969 வரை ஓடியது. அது ஓடிக்கொண்டிருந்தபோதே, 1967 வாக்கில், ‘ட்ரெக்கி’ என்ற பெயர் அறிவியல் புனைகதை வட்டாரத்தில் வந்துவிட்டது. அந்த வட்டாரத்தின் பழைய ரசிகர்கள், தொலைக்காட்சி பார்த்துவிட்டு, தொடரில் வரும் ஸ்பாக் பாத்திரத்தைப்போலக் கூர்மையான காது ஒட்டிக்கொண்டு வந்த புதியவர்களை அப்படி அழைத்தார்கள். அதாவது பெயர் வைத்ததும் ரசிகர்கள்தான், மட்டம் தட்டியதும் ரசிகர்கள்தான். அதிலிருந்து தப்பிக்கத்தான் சிலர் ‘ட்ரெக்கர்’ ஆனார்கள்: ‘நாங்கள் காது ஒட்டிக்கொள்பவர்கள் இல்லை, யோசித்துப் பார்ப்பவர்கள்’ என்ற பொருளில்.

அப்புறம் 1986-ல் ஒன்று நடந்தது. ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு. ரசிகர் மாநாடு ஒன்றில், ஸ்டார் ட்ரெக்கின் நாயகன் கேப்டன் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் மேடையில் நிற்கிறார். கண்ணாடி போட்ட ரசிகர்கள் எந்தப் பகுதியில் எந்தப் பெட்டகத்தின் பூட்டு எண் என்ன என்ற ரகத்தில் கேள்வி கேட்கிறார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து அவர் வெடிக்கிறார்: போய் உருப்படியாக வாழ்கிற வழியைப் பாருங்கள், அது வெறும் டிவி நிகழ்ச்சி! ஷாட்னரே நடித்தது என்பதால்தான் அது அப்படி வலித்தது. ரசிகர்கள் பலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பலர் உள்ளுக்குள் ஒடிந்துபோனார்கள், இரண்டையும் ஒருசேரச் செய்தவர்களும் இருப்பார்கள். உங்கள் அண்ணன் அந்தத் துணுக்கைப் பார்த்தாரோ இல்லையோ, அதன் வெப்பம் அவர்வரை வந்திருக்கிறது. என் பார்வையில் ‘ட்ரெக்கர்’ தோற்றுப்போன முயற்சி. உலகம் ட்ரெக்கி என்றுதான் சொல்கிறது, ரசிகர்களில் பெரும்பாலோர் இன்று அதைத் தயக்கமில்லாமல் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனாலும் அவர் எப்படி அழைக்கச் சொல்கிறாரோ அப்படி அழைப்பதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

வசைப்பெயரிலிருந்து ஓடிப்போய் வேறு பெயர் தேடுவது ஒரு வழி. அதையே எடுத்து மாலையாகப் போட்டுக்கொள்வது இன்னொரு வழி. இதில் தென்னமெரிக்கக் கால்பந்து ரசிகர்களை மிஞ்ச ஆளில்லை. அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் அணி 1966-ல், தென்னமெரிக்க கிளப் அணிகளுக்கான கோப்பா லிபர்டடோரஸ் கோப்பையைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் உருகுவேயின் பெனாரோல் அணியை எதிர்த்து ஆடியது. 2-0 என்று முன்னிலையில் இருந்தது. கோப்பை கைக்கு வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் 4-2 என்று தோற்றது. ஊர் திரும்பி பான்ஃபீல்ட் அணியோடு ஆடப் போனபோது, எதிரணி ரசிகர்கள் மைதானத்துக்குள் ஒரு கோழியை விட்டார்கள். வெள்ளைக் கோழி, அதன் உடம்பில் குறுக்காக ஒரு சிவப்புப் பட்டை. ரிவர் பிளேட்டின் சட்டையே அதுதான்! ‘பயந்தாங்கொள்ளிக் கோழிகள்’ என்ற பெயர் அன்றோடு ஒட்டிக்கொண்டது. பல வருடம் அது ரத்தத்தைக் கொதிக்கவைத்த வசை. இன்று ரிவர் ரசிகர்கள் தாங்களே தங்களைக் கோழிகள் என்கிறார்கள். பிரேசிலின் பால்மெய்ராஸ் ரசிகர்களை எதிரிகள் ‘பன்றி’ என்று கத்துவார்கள். 1986-ல் அவர்களே அரங்கம் அதிர அந்தப் பெயரைக் கோஷமாகப் போட ஆரம்பித்தார்கள். திட்ட வந்தவனுக்கு அப்புறம் கையில் என்ன மிச்சம்?

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்துக் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். தொழுநோயாளிகளுக்கு நிதி திரட்ட ஓர் ஆட்டம் ஆடச் சொன்னார்களாம். நியூவெல்ஸ் அணி ஒப்புக்கொண்டது, ரொசாரியோ சென்ட்ரல் மறுத்துவிட்டது. அதிலிருந்து ஒப்புக்கொண்டவர்கள் ‘தொழுநோயாளிகள்’, மறுத்தவர்கள் ‘அயோக்கியர்கள்’. ஊர் நியாயம் அப்படி, நல்லது செய்தவனுக்கும் வசைதான். இரண்டு கூட்டமும் இன்றுவரை அந்தப் பெயர்களைப் பெருமையாகத்தான் சுமக்கின்றன. நம்மிடமும் இதற்கு ஒரு மூத்த உதாரணம் உண்டு. விப்ரநாராயணர், அடியவர்களின் கால்தூசி என்று தன்னைத் தானே அழைத்துக்கொண்டுதான் தொண்டரடிப்பொடி ஆழ்வார் ஆனார். இன்று என் கட்டுரையைப் பாராட்டி யாராவது இரண்டு வரி எழுதினால் ‘அடிப்பொடி’ என்று திட்டுகிறார்கள். திட்டு வாங்குபவர்கள் கொஞ்சம் சந்தோஷப்படலாம்.

அப்படியானால் நீங்களும் சிரித்து ஏற்றுக்கொள்ள வேண்டியதுதானா? இல்லை. கோழி என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ரிவர் ரசிகனைச் சுற்றி அரங்கம் நிறைய ஆள் இருக்கிறது. நீங்கள் அந்த அலுவலகக் கூட்டத்தில் ஒற்றை ஆள். வசையை மாலையாக்குவதற்குக் கூட்டம் வேண்டும், தனியாளாகச் செய்தால் அது வெறும் பணிந்துபோதல்தான்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. அந்த வசை உங்கள்மேல் எறியப்பட்டதாக இருக்க வேண்டும். பிரேசிலின் ஃபிளமெங்கோ அணியின் கறுப்பின, ஏழை ரசிகர்களை எதிரிகள் பிணந்தின்னிக் கழுகுகள் என்றார்கள். 1969-ல் ஒரு ஆட்டத்துக்கு முன் அந்த ரசிகர்களே மரக்கானா அரங்கில் நிஜக் கழுகு ஒன்றைப் பறக்கவிட்டார்கள். எதிரணியான பொடஃபோகோவை 2-1 என்று வென்றார்கள், கழுகு அவர்களுடையதாகிவிட்டது. லண்டனின் டாட்டன்ஹாம் அணி விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அந்த அணிக்கு யூத ரசிகர்கள் உண்டு என்பதால் எதிரணியினர் யூதர்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லால் எல்லாரையும் திட்டினார்கள். டாட்டன்ஹாம் ரசிகர்கள் விட்டுக்கொடுக்காமல் அதையே தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள். நல்ல எண்ணம்தான், திட்டு வாங்கியவனோடு சேர்ந்து நிற்பது. ஆனால் பாடுபவர்களில் பெரும்பாலோர் யூதர்கள் இல்லை. அந்தச் சொல்லின் பழைய காயம் அவர்களுடையதும் இல்லை. அரங்குக்கு வரும் யூதக் குடும்பங்களில் சிலருக்கு அது பாசம், சிலருக்கு அருவருப்பு. 2022-ல் கிளப்பே, இந்தச் சொல்லிலிருந்து விலகி வரும் நேரம் வந்துவிட்டது என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டது. கிளப் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். பல வருடம் அன்போடு பாடியவர்களுக்கு அது பறிபோவதுபோல இருக்கும் என்பதும் புரிகிறது.

ரசிகர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் பெயர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், உங்களுக்கே தெரியும். தீவிர ரசிகர் என்ற பொருளில் ‘ஸ்டான்’ என்று இப்போது சாதாரணமாகச் சொல்லிக்கொள்கிறீர்களே, அது ராப் பாடகர் எமினெம் 2000-ல் பாடிய பாட்டில் வரும் ரசிகனின் பெயர். கடிதம் மேல் கடிதம் போட்டு, பதில் வராமல் வெறிபிடித்து, கர்ப்பிணிக் காதலியோடு தன்னையும் அழித்துக்கொள்பவன். பதில் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். (உங்களுக்கு உடனே பதில் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.)

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ரசிகர்களின் பெயராக ‘ஆர்மி’ உங்களுக்கு முன்பே ஒருமுறை பிறந்திருக்கிறது. 1975-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இரண்டு இளைஞர்கள். உள்ளூர் வானொலி ‘கிஸ்’ என்ற ராக் இசைக்குழுவின் பாட்டைப் போட மறுத்தது. விடாமல் தொலைபேசியிலும் கடிதத்திலும் நச்சரித்து, ‘கிஸ் ஆர்மி’ என்று கையெழுத்துப் போட்டார்கள். இருந்தது இரண்டு பேர், பெயர் ராணுவம்! வானொலி பணிந்தது, குழுவும் பிற்பாடு அந்தப் பெயரை அதிகாரபூர்வ ரசிகர் மன்றத்துக்கு எடுத்துக்கொண்டது. உங்கள் ஆர்மி மேலிருந்து இறங்கியது. பிடிஎஸ் அறிமுகமான 2013 ஜூனுக்கு அடுத்த மாதமே பெயர் அறிவிக்கப்பட்டது. கொரிய இசைத் தொழிலில் அதுதான் வழக்கம், குழுவோடு சேர்த்து ரசிகர்களுக்கும் பெயர், நிறம், கையில் பிடிக்கும் விளக்கு எல்லாம் தயாராகும். ‘ஆர்மி பாம்’ விளக்கு அரங்கில் எப்போது எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்பதைக்கூடப் பெரும்பாலும் மேடைக் கட்டுப்பாட்டு அறைதான் முடிவு செய்கிறது, பிடித்திருப்பவர் இல்லை.

மேலிருந்து வரும் பெயர்கள்மேல் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. திட்டிய பெயரை எந்த நிறுவனமும் முதல் நாளே பனியனில் அச்சடித்து விற்காது. கொடுத்த பெயர் விற்பதற்கென்றே வருகிறது. ஆனால் உங்கள் ஆர்மி என் சந்தேகத்தைக் கொஞ்சம் ஆட்டிவைத்த கூட்டம். 2020 ஜூனில் பிடிஎஸ்ஸும் அவர்கள் நிறுவனமும் கறுப்பின மக்களின் உரிமை இயக்கத்துக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்த செய்தி வந்ததும், ரசிகர்கள் அதே அளவு தொகையை ஏறக்குறைய ஒரே நாளில் திரட்டிக் கொடுத்தார்கள். அதை எந்த நிறுவனமும் கேட்கவில்லை. நன்கொடை அளித்தவர்களிடம் யாரும் உறுப்பினர் எண்ணைக் கேட்கவும் இல்லை.

உறுப்பினர் கட்டணத்தின் முக்கியமான பலன் கச்சேரி டிக்கெட்டை மற்றவர்களுக்கு முன்னால் வாங்கும் வாய்ப்பு. உங்களுக்கு டிக்கெட் வேண்டுமென்றால் கட்டுங்கள். வேண்டாமென்றால், கட்டாத ஆர்மியாகவே இருங்கள்.