தரை பளபளக்கிறது, தொற்று மட்டும் ஏன் குறையவில்லை?

கேள்வி: 40 படுக்கைகள் உள்ள மருத்துவமனையில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். நான் மருத்துவம் படித்தவன் அல்ல. தினமும் மூன்று வேளை பினாயில் போட்டுத் தரை துடைக்கிறோம். ஆனாலும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிலருக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிக்கிறது, சிலருக்குச் சிறுநீர்த் தொற்று வருகிறது. வார்டு சுத்தமாக இல்லை என்கிறார்கள் டாக்டர்கள். கிருமிநாசினியைப் புகையாக அடிக்கும் இயந்திரம் வாங்கலாமா? வேறு என்ன செய்யலாம்?

பதில்: இயந்திரம் வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விற்பனைப் பிரதிநிதி இந்நேரம் உங்கள் அறை வாசலில் காத்திருக்கக்கூடும். நோயாளிகள் இருக்கும் இடங்களில் கிருமிநாசினியைப் புகையாக அடிக்க வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2008ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. கொரோனா வந்த 2020இல் உலக சுகாதார நிறுவனமும் அறைக்குள் வழக்கமாகத் தெளிப்பதையும் புகையடிப்பதையும் பரிந்துரைக்கவில்லை. ரத்தமோ சளியோ காய்ந்து ஒட்டியிருக்கும் இடத்தில் புகை மேலாகப் படியுமே தவிர உள்ளே இறங்காது. கட்டில் கம்பியின் அடிப்பக்கத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. அங்கே இருப்பவர்களின் கண்ணும் மூச்சுக்குழாயும் எரிவதுதான் மிச்சம். அழுக்கைத் தேய்த்து எடுத்த பிறகுதான் கிருமிநாசினிக்கு வேலை. தேய்க்க ஒரு துணியும் ஒரு ஆளும் வேண்டும்.

தரைக்கு வருவோம். துடைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் நோயாளியைத் தொடுகிறவர் யாரும் தரையைத் தொட்டுவிட்டு வருவதில்லை. மருத்துவமனைத் தொற்றுக் கிருமிகளில் பெரும்பாலானவை கை வழியாகத்தான் ஒரு படுக்கையிலிருந்து இன்னொரு படுக்கைக்குப் போகின்றன. எனவே கை எங்கெல்லாம் போகிறது என்று பார்ப்பதுதான் உங்கள் முதல் வேலை. அதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை.

ஒரு நாள் காலை, மருந்து கொடுக்கும் நேரத்தில் வார்டின் ஓரமாக அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள். கையுறை போட்ட நர்ஸ் ஒருவர் நோயாளியின் கையில் இருக்கும் ஊசிக்குழாயைச் சரிசெய்வார். அதே கையுறையோடு ட்ரிப் ஸ்டாண்டை நகர்த்துவார், திரையை இழுத்துவிடுவார், கேஸ் ஷீட்டில் எழுதப் பேனாவை எடுப்பார். அதற்குள் போன் அடிக்கும், எடுப்பார். பிறகு டிராலியைத் தள்ளிக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போவார். அவர் தன்னைப் பாதுகாத்துக்கொண்டார், சரி. ஆனால் முதல் படுக்கையில் இருந்ததெல்லாம் இப்போது திரையிலும் பேனாவிலும் போனிலும் டிராலியின் கைப்பிடியிலும் இருக்கிறது. கையுறை கைகழுவலுக்கு மாற்று கிடையாது. ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய ஜோடி, கழற்றிய பிறகு கைச்சுத்தம், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கையை எப்போதெல்லாம் சுத்தம் செய்ய வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களாகச் சொல்கிறது: நோயாளியைத் தொடும் முன், ஊசி, கட்டு மாற்றுவது போன்ற கிருமி புகக்கூடாத வேலைக்கு முன், ரத்தமோ சிறுநீரோ பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைத் தொடாமல் கட்டிலையோ மேசையையோ மட்டும் தொட்டாலும் அதற்குப் பின். எல்லோருக்கும் மறப்பது இந்தக் கடைசிதான். கண்ணுக்கு அழுக்குத் தெரியாதபோது ஆல்கஹால் சானிடைசர் போதும், கை முழுக்க ஈரமாகும் அளவு எடுத்து 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். கையில் அழுக்கு தெரிந்தாலோ, வயிற்றுப்போக்கு நோயாளியைப் பார்த்துவிட்டு வந்தாலோ சோப்பும் தண்ணீரும்தான், 40 முதல் 60 விநாடி. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் வித்துகளை ஆல்கஹால் கொல்வதில்லை.

இதைப் பெரிய டாக்டர்களிடம் நீங்கள் சொன்னால் முகம் சுளிக்கலாம். புதிதில்லை. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையின் மகப்பேறு வார்டில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணப் பரிசோதனை முடித்துவிட்டு நேராகப் பிரசவம் பார்க்க வரும் டாக்டர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 100 தாய்மாரில் 18 பேர் இறந்துகொண்டிருந்த பிரிவில் ஜூனில் அது 2 பேர் அளவுக்கு இறங்கியது. அப்படியும் அன்றைய மருத்துவ உலகில் பலர் அவரை ஏற்கவில்லை. நீங்கள் வாதம் செய்ய வேண்டாம். சானிடைசர் பாட்டிலை ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் மாட்டிவிடுங்கள். வார்டு வாசலில் ஒன்றே ஒன்று இருந்தால் யாரும் திரும்பி நடந்துபோய் எடுக்க மாட்டார்கள். காலியானதை அன்றே மாற்ற ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

அடுத்து, கை படும் பரப்புகள். கட்டில் கம்பி, அழைப்பு மணி, படுக்கையருகே உள்ள மேசை, ட்ரிப் ஸ்டாண்டு, சுவிட்ச், கதவுக் கைப்பிடி, கழிப்பறைக் குழாய், ரத்த அழுத்தக் கருவியின் பட்டை. மருந்துக்குக் கட்டுப்படாத ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் காய்ந்த பரப்பில் நாட்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். முந்தைய நோயாளியிடமிருந்து அதே படுக்கைக்கு அடுத்து வருபவருக்குத் தொற்றுவது இப்படித்தான். ஆகவே தரைக்கு ஒதுக்கும் மூன்று வேளையில் ஒரு வேளையை எடுத்து இந்தப் பரப்புகளுக்குக் கொடுங்கள். ஒருவர் டிஸ்சார்ஜ் ஆன படுக்கையை மெத்தை உறை முதல் கம்பியின் அடிப்பக்கம் வரை முழுக்கச் சுத்தம் செய்த பிறகே அடுத்தவருக்குக் கொடுங்கள். படுக்கைக்கு ஆள் காத்திருக்கிறது என்று அவசரப்படுத்துவது பெரும்பாலும் நிர்வாகம்தான், தவறாக நினைக்காதீர்கள்.

துடைக்கும் முறை: சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்கு, மேலிருந்து கீழே, கழிப்பறை கடைசியில். ஒரு படுக்கைக்கு ஒரு துணி. துணியை நான்காக மடித்து, ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அழுக்குத் துணியைக் கிருமிநாசினி வாளியில் திரும்ப முக்கினால் அந்த வாளியே அப்புறம் கிருமியைப் பரப்பும். மாப்புக்கும் இதே கதைதான். கழுவும் வாளி வேறு, கரைசல் வாளி வேறு. உலர்ந்த துடைப்பத்தால் வார்டைப் பெருக்க வேண்டாம், தூசி காயத்தில்தான் போய் இறங்கும்.

எந்தக் கரைசல் என்று கேட்பீர்கள். பினாயில் வாசனை வந்தால் சுத்தமாகிவிட்டது என்று நம்புவது நம் பழக்கம், அவ்வளவுதான். ஃபீனால் வகைக் கிருமிநாசினிகளைக் குழந்தைத் தொட்டிலிலும் இன்குபேட்டரிலும் பயன்படுத்தவே கூடாது. பச்சிளம் குழந்தைக்கு மஞ்சள் காமாலையை அது கூட்டும். பெரும்பாலான பரப்புகளுக்குச் சோப்புத் தண்ணீரில் துடைத்த பின் 0.1 சதவீத ஹைப்போகுளோரைட் (ப்ளீச் கரைசல்) போதும். டப்பாவில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர். ரத்தம் சிந்திய இடத்துக்கு 1 சதவீதம், அதாவது ஒரு பங்குக்கு 4 பங்கு தண்ணீர். கையுறை போட்டு, காகிதத்தால் ரத்தத்தை ஒற்றி எடுத்து, கரைசலை ஊற்றி, குறைந்தது 10 நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். ஊற்றிய கையோடு துடைத்துவிட்டால் பயனில்லை. கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்குங்கள், வெயிலிலும் வெளிச்சத்திலும் அது வலுவிழக்கும். கழிப்பறை ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய கழிப்பறையில் உயிருக்கே ஆபத்து. வாளியில் உள்பக்கமாக இரண்டு கோடு போட்டு, எந்தக் கோடு வரை தண்ணீர், எவ்வளவு மூடி மருந்து என்று எழுதி வையுங்கள். "கொஞ்சம் ஊற்றிக்கோ" என்ற அளவுதான் பல இடங்களில் நடக்கிறது.

வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கத் தரையிலும் சுவரிலும் பஞ்சுக் குச்சியால் மாதிரி (ஸ்வாப்) எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டாம். கிருமி இருக்கத்தான் செய்யும், அந்த முடிவை வைத்து என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பதிலாக, சாதாரண வெளிச்சத்தில் தெரியாத, புற ஊதா டார்ச்சில் மட்டும் ஒளிரும் ஜெல் கிடைக்கிறது. மாலையில் கம்பியின் அடியிலும் மேசை விளிம்பிலும் ஒரு பொட்டு வையுங்கள். மறுநாள் டார்ச் அடித்துப் பாருங்கள். பொட்டு அப்படியே இருந்தால் அங்கே துணி போகவில்லை. இதைத் தண்டிக்கப் பயன்படுத்தினால் முதல் வாரத்திலேயே கெட்டுவிடும், பொட்டை மட்டும் தேடித் துடைப்பார்கள். துப்புரவுப் பணியாளர்களையே டார்ச் பிடிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கனமான கையுறை, மூடிய காலணி, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி எல்லாம் இருக்கிறதா என்றும் அப்படியே பார்த்துவிடுங்கள். குப்பைப் பையில் கிடக்கும் ஊசி முதலில் குத்துவது அவர்களைத்தான். ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாமல், துளைக்க முடியாத டப்பாவில் போட வேண்டும். டப்பா முக்கால்வாசி நிறைந்ததும் மூடி அனுப்பிவிட வேண்டும்.

இதையெல்லாம் செய்தாலும், உங்கள் டாக்டர்கள் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. தையலில் பிடிக்கும் சீழுக்கு வார்டை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தக் கிருமி பெரும்பாலும் நோயாளியின் சொந்தத் தோலிலிருந்து, ஆபரேஷன் தியேட்டரிலேயே உள்ளே போயிருக்கும். அங்கே மூன்று கேள்வி கேளுங்கள். ரோமத்தை ரேசரால் மழிக்கிறார்களா? மழித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், தேவைப்பட்டால் கிளிப்பரால் வெட்டலாம், பல சமயம் எடுக்கவே தேவையில்லை. தடுப்பு ஆன்டிபயாட்டிக்கை, அறுவைக்குத் தோலைக் கீறுவதற்கு முந்தைய 2 மணி நேரத்துக்குள், அந்த மருந்துக்குரிய நேரத்தில் போடுகிறார்களா, அல்லது வார்டிலேயே காலையில் போட்டு அனுப்பிவிடுகிறார்களா? கருவிகளை நீராவியால் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவிலிருந்து கருவிப் பொட்டலங்கள் ஈரமாக வருகின்றனவா? ஈரமான பொட்டலம் கிருமிநீக்கம் ஆனதாகக் கணக்கில் வராது. வெளியே ஒட்டும் டேப் நிறம் மாறினால் சூடு பட்டது என்று மட்டுமே அர்த்தம். பொட்டலத்தின் உள்ளே வைக்கும், கிருமிநீக்கத்தைக் காட்டும் பட்டையும், வாரம் ஒரு முறையாவது பாக்டீரியா வித்துகளை வைத்துச் செய்யும் சோதனையும்தான் உண்மையைச் சொல்லும்.

சிறுநீர்த் தொற்று இன்னும் எளிது. சிறுநீரை வெளியேற்றும் குழாயான கதீட்டர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்து கூடுகிறது. "இவருக்கு இது இன்னும் தேவையா?" என்று தினமும் ரவுண்ட்ஸில் கேட்க வேண்டும், தேவையில்லை என்றால் அன்றே எடுத்துவிட வேண்டும். சிறுநீர் சேரும் பை எப்போதும் உடலின் சிறுநீர்ப்பை மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது.

கடைசியாக, "சிலருக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பேருக்கு? மொத்தம் எத்தனை அறுவை சிகிச்சையில்? உலக அளவில், மருத்துவமனையில் சேரும் 100 பேரில் வசதியான நாடுகளில் 7 பேருக்கும் மற்ற நாடுகளில் 15 பேருக்கும் அங்கேயே ஏதாவது ஒரு தொற்று வருவதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது இப்போது உங்களுக்கே தெரியாது. ஒரு நோட்டுப் போடுங்கள். அறுவை சிகிச்சை நடந்த தேதி, வகை, தியேட்டர், தொற்று வந்ததா, வந்தால் என்று. வீட்டுக்குப் போனவர்களை 30 நாள் வரை, உள்ளே உலோகமோ வலையோ வைத்திருந்தால் 90 நாள் வரை போனில் விசாரியுங்கள், பாதிப் பேருக்குச் சீழ் டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் தெரியவரும். மூன்று மாதம் எழுதினால் சிக்கல் ஒரு தியேட்டரிலா, ஒரு வகை அறுவை சிகிச்சையிலா, ஒரு வார்டிலா என்று பிடிபடத் தொடங்கும். அந்த நோட்டோடு மறுபடி எழுதுங்கள்.