மேக்சிமா சிப்பி சுருங்குகிறதா? முதலில் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

டொராண்டோ வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கடல்நீர் மீன்தொட்டியில் மூன்று அங்குல மேக்சிமா ராட்சத சிப்பியை மணலில் வைத்திருக்கிறேன். நீரில் கால்சியம் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு), நைட்ரேட் பூஜ்யம். தினமும் பைட்டோபிளாங்டன் (மிதக்கும் நுண்பாசி உணவு) ஊற்றியும் மேன்டில் (ஓட்டுக்கு வெளியே விரியும் சதை மடிப்பு) சுருங்கிக்கொண்டே போகிறது. அளவைக் கூட்டலாமா?"

கூட்ட வேண்டாம். இந்தச் சிப்பிக்குச் சோறு போடுவது பெரும்பாலும் அதன் வண்ண மேன்டிலுக்குள் வாழும் நுண்பாசிதான். பாசிக்கு வெளிச்சமும் கொஞ்சம் நைட்ரஜனும் வேண்டும். நைட்ரேட் பூஜ்யமாக இருப்பது பெருமைப்பட வேண்டிய விஷயமே இல்லை, 5 பிபிஎம் வரை வரட்டும்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை. தொட்டி விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் அடித்து ஓட்டின் விளிம்பையும், பாறையைப் பிடிக்கும் நார் வெளிவரும் அடிப்பக்கத் துளையின் ஓரத்தையும் பாருங்கள். அரிசி மணி அளவில் வெள்ளை நத்தைகள் ஒட்டியிருந்தால் அவைதான் எதிரி. பிரமிடெல்லிட் என்ற இந்த நத்தை, ஊசி போன்ற வாயைச் செருகிச் சிப்பியின் உடல்நீரை உறிஞ்சும். பகலில் ஒளிந்துகொள்வதால் பலர் கண்ணில் படுவதே இல்லை. பழைய, மெல்லிய டூத்பிரஷால் ஓடு முழுக்கத் தேய்த்து எடுங்கள், செதில் மடிப்புகளில் ஜெல்லி போல ஒட்டியிருக்கும் முட்டைகளையும் சேர்த்து. முட்டை தப்பியிருக்கும், எனவே சில வாரங்கள் விடாமல் பார்க்க வேண்டும்.

நத்தை இல்லையா? அப்போது இடம்தான் சந்தேகம். மேக்சிமா பாறையில் நாரால் பிடித்துக்கொண்டு வாழும் இனம். மணலில் நிலையாக உட்காரக்கூடியது டெராசா என்ற வேறு ராட்சத சிப்பி இனம். உங்கள் மேக்சிமாவை ஒரு தட்டையான கல்லின் மேல் வையுங்கள். பிடித்துக்கொண்ட பிறகு நகர்த்த வேண்டுமானால் கல்லோடு நகர்த்துங்கள். பிடுங்கி இழுத்தால் நார் சுரக்கும் உறுப்பே கிழிந்துவிடும், பல சிப்பிகள் அப்படித்தான் சாகின்றன. வேறு வழியே இல்லை என்றால் பாறையை ஒட்டி பிளேடால் நாரை அறுக்கலாம். அப்புறம் வெளிச்சத்துக்காக மேலே ஏற்றுவதை இரண்டு வாரத்தில் படிப்படியாகச் செய்யுங்கள்.

தேறினால் ஓட்டின் மேல் விளிம்பில் புது வெள்ளைக் கோடு தெரியும். அப்போது ஓடு வளர்வதால் தொட்டி நீரின் காரத்தன்மை வேகமாக இறங்கும், 8 டிகேஹெச்சுக்கு (காரத்தன்மையை அளக்கும் அலகு) கீழே விடாதீர்கள்.

இந்திய வாசகர்களுக்கு: மேக்சிமாவும் ஸ்குவாமோசா என்ற இன்னொரு ராட்சத சிப்பியும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கடையில் கண்டாலும் வாங்காதீர்கள்.