காலேஜ் சேருவதற்கு முன்னால் பாப்பாவை ஜிம்முக்கு அனுப்பலாமா?

வணக்கமுங்கண்ணா. வாலிபால் கோட்டாவில் பாப்பாவுக்குக் கோயமுத்தூரில் சீட் கிடைத்ததில் எனக்கும் ரொம்ப சந்தோசம். பெருந்துறை ஜிம்காரர் மூணு மாசத்தில் ஆளையே மாற்றிக் காட்டுகிறேன் என்கிறார், அண்ணியோ பொம்பளப் புள்ள வெயிட் தூக்கினால் உடம்பு முரடாகிவிடும் என்கிறார்கள், போதாததற்கு அந்தக் காலேஜ் சீனியர் ஒருத்தி முதல் மாசமே பிழிந்து எடுத்துவிடுவார்கள் என்று பயமுறுத்தியிருக்கிறாள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

வெயிட் டிரெய்னிங் கட்டாயம் வேணுங்க. ஸ்கூலில் சாயங்காலம் மட்டும் ஆடிக்கொண்டிருந்த பிள்ளை இனிமேல் காலையும் மாலையும் ஆடணும், நெட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பதோ இருபது இருபத்தொரு வயசு சீனியர்கள். ஸ்பைக், பிளாக் என்று குதித்துக் குதித்து இறங்கும்போது அத்தனை பாரமும் முட்டியில்தான் விழும். ஒரே ஆட்டத்தை ஆடினாலும் முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். ஜவ்வு கிழிவது பசங்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம். ஆபரேஷன் ஆனால் திரும்ப கோர்ட்டில் இறங்க ஒன்பது மாசமாவது ஆகும், அதற்குள் ஒரு சீசன் போய்விடும். நாளைக்கு ரயில்வே, போலீஸ், தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீடு என்று எதற்குப் போனாலும் யூனிவர்சிட்டி டீமுக்கும் ஸ்டேட்டுக்கும் ஆடிய சர்டிபிகேட்டைத்தான் முதலில் கேட்பார்கள். வேலை வழிகாட்டுகிற நான் ஜிம்மைப் பற்றி இவ்வளவு பேசுவது அதனால்தான்.

அண்ணியிடம் சொல்லுங்கள், ஆண்களுக்கு உடம்பு திரள வைக்கிற டெஸ்டோஸ்டிரோன் பெண்கள் உடம்பில் பல மடங்கு குறைவு. வாரம் மூணு நாள் வெயிட் தூக்குவதால் தோள் புடைத்துவிடாது, வளர்த்தியும் நின்றுவிடாது. முட்டியையும் இடுப்பையும் தாங்குகிற தசை கெட்டிப்படும், அவ்வளவுதான்.

ஜிம்காரருடைய திட்டம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆளை மாற்றிக் காட்டுவது கண்ணாடி முன் நிற்பவர்களுக்கு, ஆடுகிற பிள்ளைக்கு வேறு கணக்கு. மூணு மாசப் பணத்தை மொத்தமாகக் கட்டாமல் மாசாமாசம் கட்டுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரம் மூணு நாள், ஒரு மணி நேரம் போதும். ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிர்வது), புஷ்-அப், முதுகுக்கு ரோயிங் (வெயிட்டைத் தன் பக்கம் இழுப்பது), தோளின் பின்பக்கத்துக்கு ரப்பர் பேண்ட், இவ்வளவும் சரியாக வந்தாலே பெரிய விசயம். பெரிய பார் வெறுமனேயே 20 கிலோ இருக்கும், பிளேட் போடாமல் அதிலேயே பழகட்டும், அதுவும் கனமாக இருந்தால் முதல் வாரம் வெறும் குச்சியை வைத்துச் செய்யட்டும். எட்டு எட்டாக மூணு செட், முடிக்கும்போது இன்னும் இரண்டு தூக்கலாம் என்ற தெம்பு மிச்சம் இருக்கணும். அப்புறம் இரண்டரை கிலோ ஏற்றலாம்.

வீட்டிலேயே ஒன்று பார்த்துவிடலாம். அவள் ஸ்குவாட் உட்கார்ந்து எழுவதை நேர் எதிரில் நின்று போனில் வீடியோ எடுங்கள். எழும்போது முட்டி இரண்டும் உள்பக்கமாக ஒன்றை ஒன்று தேடிப் போகிறதா என்று பாருங்கள். போனால் பிளேட் ஏற்ற இன்னும் நாள் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே வாசல் படியிலிருந்து குதிக்கச் சொல்லுங்கள். தொப்பென்று சத்தம் கேட்டால் தொடையும் இடுப்பும் வேலை செய்யவில்லை, முட்டியே முழுப் பாரத்தையும் வாங்குகிறது. சத்தமில்லாமல் இறங்கப் பழகிய பிறகு குதிக்கிற பயிற்சியைக் கூட்டலாம்.

சீனியர் சொன்னதை லேசாக விடாதீர்கள். 2011 ஜனவரியில் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் டீமில் லீவு முடிந்து வந்தவர்களைக் கடுமையாக ஸ்குவாட் போட வைத்ததில் 13 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். தசை உடைந்து அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகம் வரைக்கும் போகிற பிரச்சினை அது. 2019-இல் அந்த நாட்டு ஸ்ட்ரெங்த் கோச் அமைப்புகள் சேர்ந்து, புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு கண்டிஷனிங் என்கிற உடல்தகுதிப் பயிற்சியின் அளவை முதல் வாரம் பாதியாகக் குறைத்து, அப்புறம் படிப்படியாகத்தான் கூட்டணும் என்று சொல்லிவிட்டன. அட்மிஷனுக்குப் போகும்போது இதை பி.டி. சாரிடம் பணிவாகக் கேளுங்கள்: புதுப் பிள்ளைகளுக்கு முதல் மாசம் தனி ஷெட்யூல் உண்டா, ஜிம்மில் கூட நின்று பார்ப்பது யார், பிசியோ இருக்கிறாரா? கேட்டதற்குக் கோபப்படுகிற இடமாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், வேறு காலேஜ் இன்னும் பார்க்கலாம். பயிற்சிக்கு மறுநாள் தாங்க முடியாத வலியோடு யூரின் கோலா நிறத்தில் போனால் யாரையும் கேட்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்பதைப் பாப்பாவுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

ஜிம்காரர் விற்கிற புரோட்டீன் பவுடர் டப்பாவும் வேண்டாம், ஊசி பேச்சே வேண்டாம். ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடா டெஸ்ட் எடுத்து ஏதாவது சிக்கினால் தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, உடம்புக்குள் என்ன போகிறது என்பதற்கு ஆடுகிறவளே பொறுப்பு. டப்பாவில் எழுதாத சரக்கு கலந்திருந்தாலும் அதே கதைதான். அறுபது கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தொண்ணூறு கிராம் புரதம் கிட்ட வந்தால் போதும். ஒரு முட்டையில் ஆறு கிராம். நாமக்கல் முட்டை பக்கத்திலேயே கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு டப்பாவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பானேன்? நாலு முட்டை, கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு, நிலக்கடலை, தயிர், வாரம் இரண்டு தடவை கோழி, இதிலேயே வந்துவிடும்.

கடைசியாக அண்ணிக்கு ஒரு வேலை. போவதற்கு முன்னால் ஒரு தடவை ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள், 12-க்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் காட்டிச் சரி செய்துவிட்டு அனுப்புங்கள். ஹாஸ்டல் போன பிறகு மாசாமாசம் மாதவிலக்கு சரியாக வருகிறதா என்று அவர்கள்தான் போனில் விசாரிக்கணும். சாப்பாடு பத்தாமல் பயிற்சி மட்டும் ஏறினால் அது நின்றுபோகும், எலும்பும் பலம் குறையும். கோச் ஆணாக இருந்தால் பிள்ளை இதை வாய்திறந்து சொல்ல மாட்டாள். ஸ்குவாட் வீடியோ எடுத்ததும் எனக்கும் அனுப்புங்கண்ணா, தெரிந்த பிசியோ ஒருவரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்.