கரண்டியின் முத்திரை: 1801-ஆ, 1881-ஆ?

கேள்வி: நீலகிரியில் தேயிலைத் தோட்ட பங்களா ஒன்றில் சமையற்காரராக இருந்த என் தாத்தாவுக்கு, துரை ஊர் திரும்பும்போது கொடுத்த பெரிய கரண்டி ஒன்றும் தேநீர்க் கெண்டி ஒன்றும் எங்களிடம் உள்ளன. கரண்டிக் காம்பின் பின்புறம், கைப்பிடி முனையை ஒட்டி, சிங்கம், மகுடம் தரித்த சிறுத்தைத் தலை, 'எஃப்' என்ற பெரிய எழுத்து, ஓர் ஆணின் தலை, மூன்று வரிகளில் 'பிபி, ஏபி, டபிள்யூபி' ஆகியவை உள்ளன. கெண்டியின் அடியில் ஈ, பி, என், எஸ் என நான்கு எழுத்துகள் தனித்தனிக் கட்டங்களில் உள்ளன. நகைக்கடைக்காரர் இரண்டையும் எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கரண்டியை எடைக்குக் கொடுக்காதீர்கள். நடக்கும் சிங்கம் என்பது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்று சோதித்து இங்கிலாந்தில் குத்தப்பட்ட முத்திரை. சிறுத்தைத் தலை லண்டன் சோதனைக் கூடத்தைக் குறிக்கிறது. அந்த இடத்தில் நங்கூரம் இருந்திருந்தால் பர்மிங்காம் என்று கொள்ள வேண்டும்.

ஆண்டைக் கணிப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். லண்டன் கூடம் ஆண்டுக்கு ஓர் எழுத்து வீதம், 'ஜே'யை விட்டுவிட்டு 'ஏ' முதல் 'யூ' வரை இருபது எழுத்துகளை மீண்டும் மீண்டும் சுற்றி வந்ததால், இதே பெரிய 'எஃப்' 1801-லும் உண்டு, 1881-லும் உண்டு. எழுத்தை மட்டும் அட்டவணையில் தேடினால் எண்பது ஆண்டுகள் பிசகிவிடலாம். ஆனால் லண்டன் சிறுத்தை 1821-இல் மகுடத்தை இழந்துவிட்டது. உங்கள் கரண்டியில் மகுடம் இருக்கிறது. 1784 முதல் 1890 வரை வரி செலுத்தியதற்கு அடையாளமாக ஆளும் மன்னரின் தலையைக் குத்தினார்கள். 1881 என்றால் அங்கே விக்டோரியா இருந்திருப்பார். மூன்று வரி எழுத்துகள் லண்டன் வெள்ளிக் கொல்லர்களான பீட்டர், ஆன், வில்லியம் பேட்மன் ஆகிய மூவரும் 1800 முதல் 1805 வரை சேர்ந்து பயன்படுத்திய முத்திரையோடு பொருந்துகின்றன. ஆகவே 1801 என்றே கொள்ளலாம். ஆண்டைக் குறிக்கும் எழுத்து அக்காலத்தில் மே மாதத்தில் மாறியது என்பதால், 1802-இன் தொடக்கமாகவும் இருக்கலாம்.

உறுதி செய்ய, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் சிங்கத்தைப் பாருங்கள். அக்காலத்து லண்டன் சிங்கத்தின் முகம் நம் பக்கம் திரும்பியிருக்கும். வேறு பொருளிலிருந்து வெட்டி ஒட்டிய முத்திரைகளும் சந்தையில் உண்டு. முத்திரைகளைச் சுற்றிப் பற்றவைத்த கோடு தெரிகிறதா என்பதைக் காம்பின் மேல் மூச்சை ஊதிப் பார்த்தால், ஈரம் படரும் கணத்தில் கண்டுகொள்ளலாம்.

கெண்டியின் கதை வேறு. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகத்தின் மேல் மின்சாரத்தால் வெள்ளிப் பூச்சு ஏற்றியது என்பதற்கே அந்த நான்கு எழுத்துகள். எல்கிங்டன் நிறுவனம் 1840-இல் காப்புரிமை பெற்ற பின்னரே இம்முறை பரவியது. எழுத்துகளை வெள்ளி முத்திரை போலக் கட்டம் கட்டிப் பொறித்ததில் விற்றவர்களின் சாமர்த்தியம் தெரிகிறது! இதில் உருக்கி எடுக்கும்படியாக வெள்ளி ஏதும் தேறாது; எடைக்குக் கேட்பவர் இதைக் கவனிக்கவில்லை போலும்.

விளக்குத் துலக்குவது போல விபூதியோ பற்பொடியோ போட்டுத் தேய்க்க வேண்டாம். முதலில் தேய்வது முத்திரைதான். உரைகல்லில் உரசவோ அரத்தால் சுரண்டவோ அனுமதிக்காதீர்கள். விற்பதாக இருந்தால், முத்திரைகளைச் சாய்ந்த வெளிச்சத்தில் நெருக்கமாகப் படமெடுத்து, பழம்பொருள் ஏலம் நடத்துவோர் இருவரிடமாவது மதிப்புக் கேளுங்கள்.