வடசென்னை வண்டி, உறையும் குளிர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மார்கழி பிறந்தால் இந்தப் பக்கத்து வாசகர்களின் கேள்விகள் மலைப் பக்கம் திரும்பிவிடும். ஊட்டி, கொடைக்கானல், அதற்கும் மேலே இமாச்சல், லடாக். குளிரில் படுத்துவிடும் பல வண்டிகளின் கோளாறு நம் ஊர் வெயிலிலேயே தொடங்கிவிட்டிருக்கும். ஆகவே இந்தப் பதில்களில் பாதி, புறப்படுவதற்கு முன் இங்கே செய்ய வேண்டிய வேலை.

தண்டையார்பேட்டை வாசகர்: பத்து வருஷப் பழைய பெட்ரோல் கார். ரேடியேட்டர்ல எப்பவும் தண்ணிதான் ஊத்துறேன், சூடு ஏறினதே இல்ல. ஜனவரியில ஊட்டி, அடுத்த வருஷம் காஷ்மீர் போற திட்டம். கூலன்ட் கட்டாயமா சார்?

காஷ்மீருக்குக் கட்டாயம். ஊட்டிக்கும் போட்டுவிடுங்கள். தலைகுந்தா, காந்தல் போன்ற பள்ளமான இடங்களில் உறைபனி விழும் இரவுகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடும். ஓடி நின்ற எஞ்சின் ஆற நேரமாகும் என்பதால் ஒரே இரவில் பிளாக் (எஞ்சினின் உடல்பகுதி) வெடித்துவிடாது. ஆனால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அவ்வளவு தாங்காது. தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும். அந்த விரிவுக்கு இரும்பும் அலுமினியமும் இடம் கொடுக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. நம் பகுதி போர் தண்ணீரில் உப்பு அதிகம். வருஷக்கணக்கில் அதை ஊற்றினால் உள்ளே சுண்ணாம்புப் படிவும் துருவும் சேரும். சூடு ஏறவில்லை என்பதால் உள்ளே சுத்தமாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, அடி வடிகாலை விட்டுப் பழைய தண்ணீரை இறக்குங்கள். உள்ளே இருக்கும் ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வையுங்கள். (அதைத் திருப்பிப் பார்க்காமலே வண்டியை விற்றுவிடும் ஆட்கள் நம் ஊரில் ஏராளம்.) வெளியே வருவது தெளியும் வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: வடித்த பிறகும் பிளாக்குக்குள் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் தங்கும். அதனால் 'பாதிக்குப் பாதி கலந்து' ஊற்றினால் உள்ளே போய் அது நீர்த்துவிடும். வண்டியின் மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்றால், முதலில் இரண்டரை லிட்டர் கலக்காத கூலன்டை ஊற்றுங்கள். மீதி இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டு, ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும் வரை காத்து, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். மறுநாள் காலை அளவு இறங்கியிருந்தால் நிரப்புங்கள்.

கூலன்டின் முக்கியப் பொருள் எத்திலீன் கிளைக்கால். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. மூன்றில் ஒரு பங்கு இருந்தால் மைனஸ் 18 வரை தாங்கும். 'காஷ்மீர்தானே, முழுசாகவே ஊற்றிவிடலாம்' என்று நினைக்காதீர்கள்: தண்ணீர் கலக்காத கிளைக்கால் மைனஸ் 13-லேயே உறைந்துவிடும், சூட்டைக் கடத்துவதிலும் மோசம். கடையில் கிடைக்கும் பல கேன்கள் ஏற்கெனவே தண்ணீர் கலந்தவை. லேபிளில் 'ரெடி டு யூஸ்' என்று இருந்தால் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்க வேண்டாம். அதன் உறைநிலையையும் படித்துவிட்டு வாங்குங்கள். பச்சையா சிவப்பா என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வண்டியின் கையேடு சொல்லும் வகைதான் கணக்கு.

இந்த வேலையைப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே முடியுங்கள். படிவு கரையும்போது, அதுவரை அது அடைத்து வைத்திருந்த ஓட்டைகள் கசிய ஆரம்பிக்கும். முன் சீட் காலடியில் மிதியடி நனைந்து, இனிப்பான வாடை வந்தால் ஹீட்டர் கோர் (டேஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர்) போய்விட்டது என்று அர்த்தம். வடித்த கூலன்டைத் தெருவில் ஊற்றாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், குழந்தை வாயில் வைக்கும். அது கொடிய விஷம்.

திருவொற்றியூர் வாசகர்: போன வருஷம் குன்னூர்ல காலையில செல்ஃப் எடுக்கவே இல்ல. கீழ இறங்கினதும் சரியாயிடுச்சு. பேட்டரி நல்லா இருக்குன்னு கடையில சொல்றாங்க.

பேட்டரியைக் கொல்வது வெயில், காட்டிக்கொடுப்பது குளிர். போனட்டுக்கு அடியில் இருக்கும் சூடு உள்ளே தகடுகளை அரிக்கிறது, நீரை ஆவியாக்குகிறது. 30 டிகிரியில் செல்ஃப் மோட்டாரைச் சுற்ற அந்த மிச்ச சக்தி போதும். பூஜ்ஜியத்தை நெருங்கும்போது, நல்ல பேட்டரியேகூட தன் ஸ்டார்ட் செய்யும் பலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை இழக்கும். அதே நேரம் ஆயில் கெட்டியாகி, எஞ்சினைச் சுற்றக் கூடுதல் பலம் கேட்கும்.

கடையில் வெறும் வோல்ட் பார்த்து 'நல்லா இருக்கு' என்றிருப்பார்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலை 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். ஆனால் அது போதாது. ஸ்டார்ட் செய்யும் அந்த விநாடியில் மீட்டரைப் பாருங்கள். நம் ஊர்ச் சூட்டிலேயே 9.6-க்குக் கீழே விழுந்தால் மலைக்கு அந்தப் பேட்டரியோடு போகாதீர்கள். ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் சரி.

மாற்றுவதற்கு முன் டெர்மினலையும் பாருங்கள். கடலோர வண்டிகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடக்கும். நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, சோடா உப்புக் கரைசலில் பிரஷ் போட்டுக் கழுவி, காய்ந்ததும் பாசிட்டிவை முதலில் மாட்டுங்கள். மேலே மெலிதாக வாஸ்லின் தடவினால் போதும்.

எண்ணூர் வாசகர்: மலைக்குப் போனா டயர் காத்து குறையும்னு சிலர், கூடும்னு சிலர். எதை நம்புறது?

இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. குளிரில் காற்று சுருங்கும்: ஐந்தரை டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் உயரே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் கூடுதலாகக் காட்டும். எண்ணூரில் 30 டிகிரியில் 33 பிஎஸ்ஐ வைத்துக் கிளம்புகிறீர்கள். ஊட்டியில் 2,240 மீட்டர் உயரத்தில், காலை 5 டிகிரியில், கேஜ் ஏறக்குறைய 32 அல்லது 33-தான் காட்டும். குளிர் பறித்ததை உயரம் திருப்பிக் கொடுத்துவிடும். லடாக்கின் லே நகரில் மைனஸ் 10-லும் கிட்டத்தட்ட இதே கதை.

ஏமாற்றுவது சமவெளிக் குளிர்தான். அதே வண்டி டெல்லியில் 5 டிகிரிக் காலையில் 29 காட்டும். அங்கே நிரப்பியே ஆக வேண்டும். எங்கேயானாலும் ஓட்டுவதற்கு முன் பாருங்கள். எக்ஸ்பிரஸ் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வந்து பங்கில் பார்த்தால் சூட்டில் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடத் தெரியும். அதை நம்பிக் காற்றை இறக்கிவிட்டு மலையேறுவதுதான் வழக்கமான தவறு.

மணலி வாசகர்: டீசல் எஸ்யூவி. பிப்ரவரியில இமாச்சல்ல ஸ்பிதி. இங்க ரிஃபைனரி பக்கத்துலயே டேங்க் ஃபுல் பண்ணிட்டுக் கிளம்பினா வழியில கவலை இல்லைதானே? மண்ணெண்ணெய் கலக்கச் சொல்றாங்களே?

சிபிசிஎல் (மணலி ரிஃபைனரி) வாசலில் நிரப்பினாலும் அது நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கான டீசல். டீசலில் மெழுகு உண்டு. குளிர்ந்தால் அது துகள்களாகத் திரண்டு ஃபில்டரை அடைக்கும். அப்படி அடைக்கத் தொடங்கும் வெப்பநிலைக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் உச்ச வரம்பு கோடைக்கு 18 டிகிரி, குளிர்காலத்துக்கு 6 டிகிரி. பங்குக்கு வரும் டீசல் அதைவிட நன்றாகவே இருக்கலாம், ஆனாலும் ஸ்பிதியின் மைனஸ் 20-க்கு எட்டாது. இந்தியன் ஆயில் 2019-ல் லடாக்குக்கென்று கொண்டுவந்த குளிர்கால டீசல் மைனஸ் 33 வரை ஓடும் தன்மை இழக்காதது.

எனவே மலையடிவாரத்தை எட்டும்போது டேங்க் கால்வாசிக்கு இறங்கியிருக்கட்டும். அங்கிருந்து மேலே உள்ளூர் பங்குகளில், 'விண்டர் டீசலா?' என்று கேட்டு நிரப்பி, அதன் பிறகு பாதிக்குக் கீழே விடாதீர்கள். மெழுகு கட்டியதற்கு அடையாளம்: வண்டி ஸ்டார்ட் ஆகும், லைனில் இருக்கும் டீசலில் சில நிமிடம் ஓடும், பிறகு இழுவை போய் நின்றுவிடும். திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்து பேட்டரியைக் காலி செய்யாமல், ஃபில்டர் கூட்டின்மேல் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றுங்கள், அல்லது வெயில் ஏறும்வரை காத்திருங்கள். அடியில் தீ மூட்டுவது சில லாரிக்காரர்களின் வழி. காரில் நினைத்தே பார்க்காதீர்கள்.

மண்ணெண்ணெய் பழைய எஞ்சின்களுக்கான வைத்தியம். பிஎஸ்-6 வண்டியின் உயர் அழுத்தப் பம்பும் இன்ஜெக்டரும் டீசலின் வழவழப்பை நம்பி இருப்பவை. அது குறைந்தால் உலோகம் உலோகத்தோடு உரசும். ஃபில்டர் அடைப்பு ஒரு காலைப் பிரச்சினை. பம்பு போனால் பெரிய தொகை.

உங்கள் வண்டிக்கு ஆட்புளூ (புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்க்கில் ஊற்றும் திரவம்) உண்டென்றால் அதுவும் மைனஸ் 11-ல் உறையும், விரியும். டேங்க்கில் ஹீட்டர் இருப்பதால் ஓட ஓட இளகிவிடும். விளிம்புவரை நிரப்பாதீர்கள், எதையும் கலக்காதீர்கள்.

வியாசர்பாடி வாசகர்: மலையில கண்ணாடி உள்பக்கம் பனி மூடுது, நம்ம ஊர் மழையில வெளிப்பக்கம் மூடுது. ஒரே ஏசிதானே?

ஈரக்காற்று குளிர்ந்த பரப்பைத் தொடும் பக்கத்தில் நீர் படியும். சென்னையில் ஏசி கண்ணாடியைக் குளிர்விக்கிறது, வெளியே புழுக்கம். வைப்பர் ஒருமுறை போட்டு, ஏசிக் காற்று கண்ணாடிமேல் படாமல் திருப்பிவிடுங்கள். மலையில் உங்கள் மூச்சின் ஈரம் உள்ளே படிகிறது. அங்கே ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டு, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள். ஏசி ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்கும். காலையில் வெளியே உறைந்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினால் போதும்.

கொருக்குப்பேட்டை வாசகர்: ஹேண்ட்பிரேக் இறுகிப்போய் சக்கரம் சுத்தல. ஏன்?

ஈரத்தோடு நிறுத்தியிருப்பீர்கள், கேபிளிலோ ஷூவிலோ நீர் உறைந்துவிட்டது. உறையும் இரவுகளில் ஹேண்ட்பிரேக் வேண்டாம். சமதரையில் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகி: ரூம் கிடைக்கலைன்னா ஹீட்டர் போட்டு வண்டியிலயே தூங்கலாமா? பசங்களும் கூட வர்றாங்க.

எஞ்சின் ஓட, கண்ணாடி மூடி, ஒருபோதும் வேண்டாம் அம்மா. புகைக்குழாயில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையோ நிறமோ கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். பனி குவிந்து குழாய் வாயை அடைத்தால் அது வேகமாக உள்ளே ஏறும். வேறு வழியே இல்லாமல் மாட்டிக்கொண்டால், குழாயைச் சுற்றிப் பனியை அகற்றி, குழாய்க்கு எதிர்ப்பக்க ஜன்னல் கண்ணாடியை விரல் அகலம் இறக்கி, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். அந்தப் பத்து நிமிடமும் ஒருவர் விழித்திருக்க வேண்டும். கம்பளிதான் முதல் துணை.

பெரம்பூர் வாசகர்: எலெக்ட்ரிக் காரில் கொடைக்கானல். குளிர்ல ரேஞ்ச் பாதியாயிடுமா?

கொடைக்கானல் குளிருக்கு அவ்வளவு ஆகாது. உங்கள் சார்ஜைத் தின்னப்போவது ஏற்றம். ஆட்களோடு 1,700 கிலோ வரும் வண்டியை 1,800 மீட்டர் தூக்க 8 யூனிட்டுக்கு மேல் செலவாகும், அது ஓட்டச் செலவுக்கு மேல் தனிக்கணக்கு. இறங்கும்போது ஒரு பகுதி திரும்பி வரும். ஆனால் மேலே நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினால் அது போய்ச் சேர பேட்டரியில் இடமிருக்காது. ரீஜென் பிரேக்கும் (இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைக் குறைத்து சார்ஜ் ஏற்றுவது) பிடிக்காது. 80-ல் நிறுத்துங்கள்.

ராயபுரம் வாசகர்: மகன் டொராண்டோவில் பழைய கார் வாங்கியிருக்கான். என்ன பார்க்கச் சொல்றது?

முதலில் அடிப்பக்கத்தை. அங்கே பனி உருகச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். காசிமேட்டில் நிற்கும் வண்டிக்குக் கடல்காற்று செய்வதை அந்த உப்பு இன்னும் சீக்கிரம் செய்துவிடும். பிரேக் லைன், சஸ்பென்ஷன் இணைப்புகள், கதவுக்கு அடியில் ஓடும் தகடு மூன்றையும் லிஃப்டில் ஏற்றி, ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்க்கட்டும். உள்ளே இறங்கினால் அந்த வண்டி வேண்டாம். குளிர்காலம் முழுக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடிப்பக்கம் கழுவ வேண்டும். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே நிலைத்ததும் நான்கு சக்கரத்துக்கும் விண்டர் டயர், இரண்டுக்கு மட்டும் போட்டால் வளைவில் வண்டி சுழலும். ஆயில் 0டபிள்யூ அல்லது 5டபிள்யூ (குளிரில் அவ்வளவாகக் கெட்டியாகாத ரகங்கள்), கையேட்டில் உள்ளபடி. வாஷர் தொட்டியில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மைனஸ் 40 என்று போட்ட திரவம் எல்லாப் பங்கிலும் கிடைக்கும்.