திருகோணமலை வீட்டுத் தேவைக் கணக்கு: பிழை எங்கே?
வணக்கம். 1981, 2012 தொகைமதிப்பு எண்களை நேர்கோட்டில் நீட்டி, திருகோணமலையின் ‘பட்டணமும் சூழலும்’ பிரதேச செயலகப் பிரிவின் வீட்டுத் தேவையைக் கணித்தால் பொருந்தவில்லை என்கிறீர்கள். பொருந்தாது. இடையில் போர், சுனாமி, இடம்பெயர்வு, மீள்குடியேற்றம். 2001இல் மாவட்டத்தில் முழுக் கணக்கெடுப்பும் நடக்கவில்லை. அந்தக் கோட்டை விட்டுவிடுங்கள்.

ஆட்களை அல்ல, குடும்பங்களை எண்ணுங்கள், அதுவும் கிராம சேவகர் பிரிவுவாரியாக (பிரதேச செயலகத்தின் கீழுள்ள சிறிய நிர்வாகப் பிரிவு). 4,000 பேர், வீட்டுக்கு 4 பேர் என்றால் 1,000 வீடு. சராசரி 3.6 ஆகக் குறைந்தால் 1,111. ஒரு ஆள்கூடக் கூடாமலே 111 வீடு தேவைப்படுகிறது! பிள்ளைகள் கலியாணம் கட்டித் தனிக்குடித்தனம் போவதை இப்படித்தான் பிடிக்கலாம்.

உப்புவெளிப் பக்கம் விருந்தினர் விடுதியாக ஓடும் வீடுகளையும், வெளிநாட்டில் இருப்போர் பூட்டி வைத்தவற்றையும் குடியிருக்கக் கிடைக்கும் வீடுகளின் எண்ணிக்கையிலிருந்து கட்டாயம் கழியுங்கள். ஒரே வீட்டில் இரண்டு குடும்பமா? விரும்பிச் சேர்ந்திருக்கிறார்களா என்று கேட்காமல் பற்றாக்குறையில் சேர்க்காதீர்கள்.